லிம்போமா வந்தவரின் ரத்த ரிப்போர்ட்டை வீட்டில் உட்கார்ந்து படிப்பது எப்படி?

தாராவியில் வீடு, மாட்டுங்காவில் ஒரு லேபில் வேலை, சொந்தக்காரர்கள் பாதிப் பேர் திருநெல்வேலிப் பக்கம். இந்த மூன்றும் ஒருவனுக்குச் சேர்ந்து அமைந்தால் ஊரில் யாருக்கு எந்த ரத்தப் பரிசோதனை எடுத்தாலும் அந்தத் தாளின் படம் ராத்திரி பத்து மணிக்கு அவன் போனுக்கு வந்துவிடும். ஹெச் (அதிகம்) என்றோ எல் (குறைவு) என்றோ தடித்த எழுத்தில் அச்சான எண்களை யாராவது ஏற்கெனவே பேனாவால் வட்டம் போட்டிருப்பார்கள். இரண்டு வருடம் முன்னால் அப்படி வந்தது என் மாமாவின் ரிப்போர்ட். கழுத்தில் நெறி கட்டி, அது இறங்காமலே கிடந்து, கடைசியில் பயாப்ஸியில் (கட்டியிலிருந்து சதை எடுத்துப் பார்ப்பது) லிம்போமா, அதாவது நிணநீர்ப் புற்றுநோய் என்று வர, நாகர்கோவில் எக்ஸ்பிரஸில் ஏறி இங்கே பரேல் டாட்டா ஆஸ்பத்திரிக்கு வந்து சேர்ந்தார். என்னிடம் அவர் கேட்டது ஒரே கேள்விதான். "மருமவனே, இந்தத் தாளப் பாத்து நான் தேறுவனா மாட்டனான்னு சொல்ல முடியுமால?"

முழுசாகச் சொல்ல முடியாது, ஆனால் ஒன்றுமே சொல்ல முடியாது என்றால் அதுவும் பொய். சில நூறு ரூபாய்க்கு எடுக்கிற சாதாரண சிபிசி (ரத்த அணுக்களின் எண்ணிக்கை), எல்டிஹெச் (ஒரு நொதி), ஆல்புமின் (ஈரல் செய்யும் புரதம்) ஆகியவற்றை வைத்து லிம்போமாவின் போக்கை ஓரளவு கணிக்கும் முறைகள் 1990களிலிருந்தே புழக்கத்தில் இருக்கின்றன. பெரிய ஆஸ்பத்திரி டாக்டர்களும் அவற்றைத்தான் கணக்குப் போடுகிறார்கள். நான் டாக்டர் இல்லை, ரத்தம் எடுத்து மெஷினில் வைக்கிறவன். அதனால் எந்த எண்ணை நம்பலாம், எது எங்கே ஏமாற்றும் என்பதுதான் எனக்குத் தெரிந்த விஷயம், அதை மட்டும் எழுதுகிறேன்.

முதலில் ரத்த ரிப்போர்ட்டை ஓரமாக வைத்துவிட்டு பயாப்ஸி ரிப்போர்ட்டை எடுங்கள். லிம்போமா என்பது ஒரே நோய் கிடையாது, ஐம்பதுக்கு மேல் வகை உண்டு. ஹாட்ஜ்கின் லிம்போமாவா, பெரிய பி செல் லிம்போமாவா, ஃபாலிகுலரா, மேன்டில் செல்லா என்று கடைசி வரியில் எழுதியிருப்பார்கள். மாமாவுடையது பெரிய பி செல். ஒவ்வொரு வகைக்கும் ஒரு மதிப்பெண் கணக்கு உண்டு, மதிப்பெண் ஏற ஏற நல்லதில்லை. ஹீமோகுளோபின் 11 என்றால் ஃபாலிகுலர் கணக்கில் ஒரு மதிப்பெண் ஏறும், ஏனென்றால் அங்கே எல்லை 12. ஹாட்ஜ்கின் கணக்கில் அதே 11க்கு ஒன்றும் ஏறாது, அங்கே எல்லை 10.5. பெரிய பி செல் கணக்கிலோ ஹீமோகுளோபினே கிடையாது. வகை தெரியாமல் எண்ணைப் பிடித்துத் தொங்குவது ஊர் பேர் பார்க்காமல் பஸ் ஏறுவது மாதிரி.

அடுத்தது எந்த ரிப்போர்ட் என்பது. எல்லாரும் தவறு செய்யும் இடம் இதுதான், நானும் செய்தேன். மாமா அனுப்பிய சிபிசியில் மொத்த வெள்ளையணு 15,600, நியூட்ரோபில் 88 சதவீதம், லிம்போசைட் 7, மோனோசைட் 4, ஈசினோபில் 0, பேசோபில் 1. நியூட்ரோபிலை லிம்போசைட்டால் வகுத்தால் 12.6 வருகிறது. படித்த கட்டுரைகளில் எல்லாம் 3, 4, 5 என்று எல்லை போட்டிருக்க, 12.6 என்றால் ஆளைப் பற்றி நல்லதாக நினைக்க ஒன்றுமே இல்லை. அன்று ராத்திரி நான் தூங்கவில்லை. மறுநாள் லேபில் அந்தப் படத்தைத் திரும்பப் பார்த்தபோதுதான் ஈசினோபில் பூஜ்யம் என்பது கண்ணில் பட்டது. ஊரில் பாதிப் பேருக்கு அலர்ஜி, பூச்சி என்று ஈசினோபில் இரண்டு மூன்றாவது இருக்கும். துடைத்துவிட்டது போலக் காணாமல் போனால் லேபில் இருப்பவனுக்கு முதலில் வரும் சந்தேகம் ஸ்டீராய்டு. போன் போட்டுக் கேட்டேன். ஊரில் ஒரு டாக்டர் நெறிக்கும் அரிப்புக்கும் சேர்த்து டெக்ஸா ஊசி ஒன்று போட்டு, ஐந்து நாளைக்கு பிரெட்னிசலோன் மாத்திரையும் எழுதியிருந்தார், இரண்டும் ஸ்டீராய்டுதான். ரத்தம் எடுத்தது மூன்றாம் நாள்.

ஸ்டீராய்டு உள்ளே போனால், ரத்தக்குழாய்ச் சுவரில் ஒட்டிக்கொண்டிருக்கும் நியூட்ரோபில்கள் பிடியை விட்டு ஓட்டத்தில் கலந்துவிடும், எலும்பு மஜ்ஜையிலிருந்தும் கூடுதலாக வரும். லிம்போசைட், மோனோசைட், ஈசினோபில் மூன்றும் இறங்கும். சில மணி நேரத்திலேயே ஆரம்பித்துவிடும் வேலை இது. அப்போது எடுத்த எண், நோயைப் பற்றி அல்ல, மாத்திரையைப் பற்றிப் பேசுகிறது. (இன்னொன்று, லிம்போமா என்று சந்தேகம் இருந்தால் பயாப்ஸிக்கு முன் ஸ்டீராய்டு தொடவே கூடாது என்பார்கள், கட்டி தற்காலிகமாகச் சுருங்கி, எடுத்த சதையில் ஒன்றும் தெரியாமல் போய்விடலாம். மாமாவுக்கு அந்த விஷயத்தில் அதிர்ஷ்டம், பயாப்ஸி கெடவில்லை.)

அத்தையிடம் வீட்டைத் தேடச் சொன்னேன். ரேஷன் கார்டு உறைக்குள் நாலாக மடித்து, ஒரு மாதம் முந்தைய சிபிசி இருந்தது, ஊசி போடும் முன் எடுத்தது. மொத்த வெள்ளையணு 9,200, நியூட்ரோபில் 74, லிம்போசைட் 14, மோனோசைட் 9, ஈசினோபில் 2, பேசோபில் 1, பிளேட்லெட் 3.4 லட்சம். இந்தத் தாளை வைத்துத்தான் இனி மேலே கணக்குப் போடப் போகிறோம். உங்கள் வீட்டிலும் அப்படி ஒரு தாள் இருக்கும், தேடுங்கள். கீமோவோ ஸ்டீராய்டோ தொடங்கும் முன், காய்ச்சல், சீழ், நிமோனியா என்று வேறு எதுவும் இல்லாத நாளில் எடுத்ததாக இருக்கவேண்டும். மும்பை மழைக்காலத்தில் டெங்குவோடு வந்து படுத்த ஆளின் சிபிசியை வைத்து லிம்போமாவைக் கணிக்கிற அநியாயத்தையும் நான் பார்த்திருக்கிறேன்.

இப்போது கணக்கு. சதவீதத்தை மொத்த எண்ணிக்கையோடு பெருக்கி நூறால் வகுத்தால் ஒரு மைக்ரோலிட்டரில் எத்தனை செல் என்று வரும். மாமாவுக்கு நியூட்ரோபில் 6,808, லிம்போசைட் 1,288, மோனோசைட் 828. சில லேபில் இதை 'ஆப்சல்யூட்' என்று தனியாகவே அச்சிட்டிருப்பார்கள், அப்படியானால் வேலை மிச்சம். அலகை மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள்: ஒரு தாளில் 9200 என்றிருக்கும், இன்னொன்றில் 9.2 என்று போட்டுப் பக்கத்தில் பத்தின் அடுக்கு மூன்று என்றிருக்கும். இரண்டும் ஒன்றுதான். 9.2ஐப் பார்த்து ரத்தமே வற்றிவிட்டது என்று அழுதவர்கள் உண்டு.

நியூட்ரோபிலை லிம்போசைட்டால் வகுத்தால் 5.3. லிம்போசைட்டை மோனோசைட்டால் வகுத்தால் 1.56. பிளேட்லெட்டை லிம்போசைட்டால் வகுத்தால் 264. முதல் இரண்டுக்கும் சதவீதத்தையே நேராக வகுத்தாலும் அதே விடைதான் வரும், 74ஐ 14ஆல், 14ஐ 9ஆல். முதல் விகிதமும் மூன்றாவதும் ஏற ஏற நல்லதில்லை. இரண்டாவது இறங்க இறங்க நல்லதில்லை. பிளேட்லெட் விகிதத்தை நான் பெரிதாக எடுத்துக்கொள்வதில்லை, நம் ஊரில் இரும்புச்சத்து குறைவாக உள்ளவர்களுக்கே பிளேட்லெட் ஏறிப்போய்க் கிடக்கும்.

இந்த மூன்று செல்லிலும் அப்படி என்ன இருக்கிறது என்று மாமா கேட்டார். லிம்போசைட் என்பது கட்டியை எதிர்க்க உடம்பு வைத்திருக்கும் ஆள்பலம் என்று வைத்துக்கொள்ளலாம். அது குறைந்தால் எதிர்ப்பு குறைந்திருக்கிறது. மோனோசைட் ரத்தத்திலிருந்து திசுவுக்குள் போனதும் மேக்ரோபேஜ் ஆகிறது, லிம்போமாக் கட்டிக்குள் போன மேக்ரோபேஜ்கள் பல நேரம் கட்டிக்கே எடுபிடி வேலை பார்க்க ஆரம்பித்துவிடுகின்றன. ஹாட்ஜ்கினில் இது இன்னும் வேடிக்கை, கட்டியில் உண்மையான புற்றுசெல் ஒரு சதவீதம் அளவுக்குத்தான் இருக்கும், மற்றதெல்லாம் அது கூப்பிட்டுச் சேர்த்த கூட்டம். நியூட்ரோபில் ஏறுவது உடம்பில் அழற்சி புகைந்துகொண்டிருப்பதன் அடையாளம். ஆக ஒரு விகிதம் என்பது நம் பக்கத்து ஆளையும் எதிர்ப்பக்கத்து ஆளையும் எண்ணி ஒன்றின் மேல் ஒன்றை வைத்த எண், அவ்வளவுதான். மாமா கபடி ஆடினவர், உடனே புரிந்துகொண்டார்.

சரி, 1.56 நல்லதா கெட்டதா? இங்கேதான் இணையத்தில் தேடுகிறவர்கள் வழுக்கி விழுகிறார்கள். லிம்போசைட் மோனோசைட் விகிதத்துக்கு ஹாட்ஜ்கினில் 1.1 என்று எல்லை வைத்தது ஓர் ஆய்வு, பெரிய பி செல்லில் 2.6 என்று வைத்தது வேறு ஆய்வு. ஆய்வு செய்கிறவர்கள் பெரும்பாலும் தங்கள் கையில் உள்ள நோயாளிகளின் எண்களை எல்லாம் வரிசையாக அடுக்கி, எந்த இடத்தில் வெட்டினால் பிழைத்தவர்களும் பிழைக்காதவர்களும் நன்றாகப் பிரிகிறார்களோ அந்த இடத்தில் கோடு போடுகிறார்கள். அந்தக் கோடு அந்தக் கூட்டத்துக்குத் தைத்த சட்டை. இன்னொரு ஊர்க் கூட்டத்துக்குப் போட்டால் தோள் பிடிக்கும். 2.61 உள்ளவர் நல்ல பக்கமும் 2.59 உள்ளவர் கெட்ட பக்கமும் போய் உட்காருவதற்கு உடம்பில் ஒரு காரணமும் கிடையாது.

அதோடு எங்கள் தொழில் ரகசியம் ஒன்றையும் போட்டு உடைத்துவிடுகிறேன். சின்ன லேபில் வெள்ளையணு வகைகளைக் கண்ணாடித் தட்டில் ரத்தத்தை இழுத்து, சாயம் ஏற்றி, மைக்ராஸ்கோப்பில் நூறு செல் எண்ணித்தான் சதவீதம் போடுகிறார்கள். நூறில் ஒன்பது மோனோசைட் என்று எண்ணினால், உண்மையான அளவு 4லிருந்து 16 வரை எங்கே வேண்டுமானாலும் இருக்கலாம். எண்ணினவர் சரியாக எண்ணியும்கூட. அப்படியானால் மாமாவின் 1.56 என்பது 0.9ஆகவும் இருக்கலாம், 3.5ஆகவும் இருக்கலாம். நல்ல மெஷின் ஆயிரக்கணக்கான செல்லை எண்ணுகிறது, அதனால் இந்த ஆட்டம் வெகுவாகக் குறையும். ரிப்போர்ட்டின் அடியில் எந்த முறை என்று போட்டிருக்கிறதா பாருங்கள், இல்லாவிட்டால் லேபில் கேளுங்கள். சதவீதங்கள் 70, 25, 3, 2 என்று முழு எண்களாக, மோனோசைட் எல்லாருக்கும் அதே இரண்டு மூன்றாக வரும் லேப் என்றால் நான் மோனோசைட் விகிதத்தைக் கணக்கே போடமாட்டேன்.

விகிதங்களைவிட எனக்கு நம்பிக்கை உள்ள எண் எல்டிஹெச். செல்லுக்குள் இருக்கும் நொதி இது, சர்க்கரையை வேகமாக எரிக்கும் செல்களில் நிறைய இருக்கும், செல் சாகும்போது வெளியே கசியும். வேகமாகப் பெருகி வேகமாகச் சாகும் கட்டி நிறைய இருந்தால் ரத்தத்தில் எல்டிஹெச் ஏறும். ஆகக் கட்டி எவ்வளவு, என்ன வேகம் என்பதற்கு மறைமுகமான ஓர் அளவுகோல். ஆனால் எண்ணை அப்படியே எடுக்கக் கூடாது. ஒரு லேபில் உச்ச வரம்பு 225, இன்னொன்றில் 250, வேறு முறையில் செய்யும் லேபில் 450ஐத் தாண்டியும் இருக்கும். அதனால் உங்கள் எண்ணை அதே தாளில் அச்சிட்ட உச்ச வரம்பால் வகுத்துக்கொள்ளுங்கள். மாமாவுக்கு 412, வரம்பு 225, ஆக 1.83 மடங்கு. ஊரில் ஒரு லேபிலும் மும்பையில் ஒரு லேபிலும் எடுத்த எல்டிஹெச்சை ஒப்பிட வேண்டுமென்றால் இந்த மடங்கை மட்டும்தான் ஒப்பிடலாம்.

எல்டிஹெச் பொய் சொல்லும் இடமும் உண்டு. சிவப்பணுவுக்குள் இந்த நொதி வெளியே இருப்பதைவிட நூறு மடங்குக்கு மேல் இருக்கிறது. நரம்பு கிடைக்காமல் ஊசியை உள்ளே துழாவி, சிரிஞ்சைப் பலமாக இழுத்து, டியூபைக் குலுக்கினால் சிவப்பணு உடைந்து எல்டிஹெச் தானாக ஏறிவிடும். நல்ல லேப் என்றால் மாதிரி 'ஹீமோலைஸ்' ஆகியிருக்கிறது என்று குறிப்பு போடும், மறுபடி ரத்தம் கேட்கும். அந்த ரிப்போர்ட்டில் பொட்டாசியமும் காரணமில்லாமல் ஏறியிருந்தால் எனக்குச் சந்தேகம் உறுதியாகிவிடும், இரண்டும் ஒரே வீட்டிலிருந்து வருபவை. பத்திரமாக இருக்கட்டும் என்று மாதிரியை ஃப்ரிட்ஜில் வைத்தாலும் தப்புதான், எல்டிஹெச்சில் சில வகைகள் குளிரில் கெட்டுப்போகும். ஊரில் காலையில் எடுத்து, ஐஸ் பெட்டியில் பஸ்ஸில் பெரிய ஊருக்கு அனுப்பி, மறுநாள் ஓட்டிய எல்டிஹெச்சை நான் ஒரு கண்ணால்தான் பார்ப்பேன். ஈரல் நோய், மாரடைப்பு, மலேரியா எல்லாவற்றிலும் ஏறும் என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

இனி மதிப்பெண். பெரிய பி செல் லிம்போமாவுக்கு 1993இல் வந்த ஐபிஐ (நோயின் போக்கைக் கணிக்கும் சர்வதேசக் குறியீடு) கணக்குதான் தாத்தா. வயது 60க்கு மேல், எல்டிஹெச் வரம்புக்கு மேல், நோய் மூன்றாம் அல்லது நான்காம் கட்டம், நிணநீர் முடிச்சுக்கு வெளியே ஒன்றுக்கு மேற்பட்ட இடத்தில் நோய், பகலில் வேலை செய்ய முடியாத அளவுக்கு உடம்பு தளர்வு. ஒவ்வொன்றுக்கும் ஒரு மதிப்பெண். மாமாவுக்கு 62 வயது, எல்டிஹெச் ஏற்றம், மூன்றாம் கட்டம். ஆக மூன்று. ஐபிஐயில் இது இடைநிலையின் மேல்தட்டு. 2007இல் ரிடக்ஸிமாப் மருந்து வந்த பிறகான நோயாளிகளை வைத்துத் திருத்திய கணக்கில் அதே மூன்று 'மோசமான' பிரிவில் விழுகிறது, அந்தப் பிரிவில் நான்கு ஆண்டில் உயிரோடு இருந்தவர்கள் 55 சதவீதம். 2014இல் 1,650 நோயாளிகளை வைத்து அமெரிக்காவில் போட்ட என்சிசிஎன் (அங்குள்ள புற்றுநோய் மையங்களின் கூட்டமைப்பு) கணக்கு கொஞ்சம் நுணுக்கமானது: வயது 41லிருந்து 60 வரை ஒன்று, 61லிருந்து 75 வரை இரண்டு, அதற்கு மேல் மூன்று, எல்டிஹெச் வரம்பைத் தாண்டி மூன்று மடங்கு வரை ஒன்று, அதற்கும் மேல் இரண்டு, மூன்றாம் நான்காம் கட்டம் ஒன்று, எலும்பு மஜ்ஜை, மூளை, ஈரல் அல்லது குடல், நுரையீரல் இவற்றில் நோய் இருந்தால் ஒன்று, உடம்புத் தளர்வு ஒன்று. மாமாவுக்கு வயதுக்கு இரண்டு, எல்டிஹெச்சுக்கு ஒன்று, கட்டத்துக்கு ஒன்று, மொத்தம் நான்கு. நான்கும் ஐந்தும் ஒரு பிரிவு, ஐந்து ஆண்டில் 64 சதவீதம்.

ஒரே மனிதர், ஒரே ரத்தம், ஒரு கணக்கில் 'மோசம்', இன்னொன்றில் மூன்றில் இரண்டு பங்குக்குக் கிட்டத்தட்ட நம்பிக்கை. இதனால்தான் பிரிவின் பெயரைப் பார்த்து மிரளாதீர்கள் என்கிறேன். 64 சதவீதம் என்றால் மாமா 64 சதவீதம் பிழைப்பார் என்று பொருள் கிடையாது. அவரைப் போன்ற நூறு பேர் வரிசையில் நின்றால் ஐந்து வருடம் கழித்து ஏறத்தாழ 64 பேர் நிற்பார்கள், அதுவும் அந்த ஊர் ஆஸ்பத்திரிகளில், மருந்து தடையில்லாமல் கிடைத்து, சுற்று தவறாமல் போட்டுக்கொண்டவர்கள். அந்த வரிசையில் மாமா எங்கே நிற்கிறார் என்று எந்தத் தாளும் சொல்லாது. பரேலில் நான் பார்த்த வரையில் இங்கே பலரைக் கவிழ்ப்பது மூன்றாவது சுற்றுக்குப் பணமும் தங்க இடமும் இல்லாமல் ஊருக்குத் திரும்பிவிடுவது, அதற்கு எந்தக் கணக்கிலும் இடம் இல்லை.

ஹாட்ஜ்கின் முற்றிய கட்டத்துக்கு 1998இல் 5,141 பேரை வைத்துப் போட்ட ஐபிஎஸ் கணக்கு இருக்கிறது, ரத்தப் பரிசோதனைக்காரனான எனக்கு மிகவும் பிடித்தது, ஏனென்றால் ஏழில் நான்கு எங்கள் சரக்கு. ஆல்புமின் 4க்குக் கீழ், ஹீமோகுளோபின் 10.5க்குக் கீழ், வெள்ளையணு 15,000 அல்லது மேல், லிம்போசைட் 600க்குக் கீழ் அல்லது 8 சதவீதத்துக்குக் கீழ். மீதி மூன்று: ஆணாக இருப்பது, வயது 45 அல்லது மேல், நான்காம் கட்டம். ஒன்றுமே இல்லாதவர்களில் 84 சதவீதம் பேருக்கு ஐந்து ஆண்டு நோய் முன்னேறாமல் இருந்தது, ஐந்தும் அதற்கு மேலும் உள்ளவர்களில் 42 சதவீதம். இது பழைய மருந்துக் காலத்து எண், இப்போதைய சிகிச்சையில் இந்த இடைவெளி சுருங்கியிருக்கிறது. ஆல்புமின் எல்லை 4 என்பதைக் கவனியுங்கள். லேப் தாளில் 3.5லிருந்து சரி என்று போட்டிருக்கும், அதனால் 3.8க்குப் பக்கத்தில் எல் என்று வராது, ஆனால் இந்தக் கணக்கில் மதிப்பெண் ஏறும். தடித்த எழுத்தை மட்டும் பார்க்கிறவர்கள் இதைத் தவறவிடுவார்கள். ஆரம்பக் கட்ட ஹாட்ஜ்கினில் நம்ம பழைய ஈஎஸ்ஆருக்கு (சிவப்பணு டியூபில் படியும் வேகம்) இன்னும் மரியாதை இருக்கிறது: காய்ச்சல், ராத்திரி உடம்பு நனைய வியர்வை, ஆறு மாதத்தில் பத்தில் ஒரு பங்கு எடை குறைவு எதுவும் இல்லாதவருக்கு 50, இருப்பவருக்கு 30, அதைத் தொட்டால் எத்தனை சுற்று கீமோ என்பதே மாறக்கூடும். ஃபாலிகுலர் என்றால் 60க்கு மேல் வயது, மூன்றாம் நான்காம் கட்டம், ஹீமோகுளோபின் 12க்குக் கீழ், எல்டிஹெச் ஏற்றம், நான்குக்கு மேற்பட்ட முடிச்சுப் பகுதிகள், இவ்வளவுதான்.

ஆல்புமினையும் லிம்போசைட்டையும் சேர்த்து ஒரு கணக்கு உண்டு, ஜப்பானில் 1984இல் வயிற்று அறுவை சிகிச்சை நோயாளிகளுக்காக வந்தது, இப்போது லிம்போமாவிலும் பார்க்கிறார்கள். ஆல்புமினைப் பத்தால் பெருக்கி, லிம்போசைட் எண்ணிக்கையை 0.005ஆல் பெருக்கிக் கூட்ட வேண்டும். மாமாவுக்கு ஆல்புமின் 3.4, ஆக 34. லிம்போசைட் 1,288, ஆக 6.4; மொத்தம் 40.4. 45க்கு மேல் இருந்தால் தெம்பு என்று அந்தக் காலத்தில் கோடு போட்டார்கள். இதற்குச் 'சத்துக் குறியீடு' என்கிற மாதிரிப் பெயர் இருப்பதால், அத்தை மறுநாளே தினம் நாலு முட்டை வேகவைக்க ஆரம்பித்துவிட்டார். முட்டை நல்லதுதான், சாப்பிடட்டும். ஆனால் நோய் அழற்சியைக் கிளப்பி, அதனால் ஈரல் ஆல்புமின் செய்வதைக் குறைத்துக்கொள்வதால் இறங்கிய எண் அது. முட்டையால் அந்த மதிப்பெண்ணைத் திருத்தி நோயை ஏமாற்ற முடியாது. கட்டி அடங்கினால் ஆல்புமின் தானாக ஏறும். ஹீமோகுளோபினும் அப்படியே, அழற்சியில் ஹெப்சிடின் என்ற ஹார்மோன் ஏறி இரும்பைப் பூட்டிவைத்துவிடும். ஆனால் நம் பெண்களில் பலருக்கு ஹீமோகுளோபின் 10 என்பது லிம்போமாவுக்கு இருபது வருடம் முன்பிருந்தே இருக்கும், சிலருக்குப் பிறவியிலேயே தலசீமியா சாயல் இருக்கும். பழைய சிபிசி ஏதாவது கிடைத்தால் டாக்டரிடம் காட்டுங்கள், கர்ப்ப காலத்துத் தாளாக இருந்தாலும் பரவாயில்லை.

காசநோயையும் மறக்க வேண்டாம். நெறி கட்டுவது, ஈஎஸ்ஆர் ஏறுவது, மோனோசைட் ஏறுவது, எடை குறைவது எல்லாம் அதிலும் நடக்கும், தாராவியில் இருப்பவனுக்கு இதைத் தனியாகச் சொல்ல வேண்டியதில்லை. விகிதத்தை வைத்து இது லிம்போமாதான் என்றோ இல்லை என்றோ ஒருநாளும் முடிவு கட்டாதீர்கள். அதைச் சொல்லக்கூடியது பயாப்ஸி மட்டுமே. அதேபோல பீட்டா 2 மைக்ரோகுளோபுலின் என்று ஒரு பரிசோதனை எழுதுவார்கள், சிறுநீரகம் பழுதாக இருந்தால் அது கட்டியில்லாமலே ஏறும், பக்கத்தில் கிரியேட்டினினைப் பார்க்காமல் படிக்காதீர்கள்.

சிகிச்சை தொடங்கிய பிறகு என்னை ஒவ்வொரு வாரமும் விகிதம் போடச் சொன்னார்கள், மறுத்துவிட்டேன். ஆர்-சாப் மருந்துக் கூட்டில் கடைசி எழுத்தே பிரெட்னிசலோன், ஒவ்வொரு சுற்றிலும் ஐந்து நாள். பத்துப் பதினான்கு நாளில் வெள்ளையணு கவிழ்ந்து விழும், அதைத் தூக்க ஊசி போட்டால் நியூட்ரோபில் முப்பதாயிரம்கூடப் போகும், கூடவே எல்டிஹெச்சும் ஏறும். அந்த நேரத்து எண்களில் வீட்டில் இருப்பவர்கள் முக்கியமாகப் பார்க்க வேண்டியது: காய்ச்சல் 100.4 தாண்டி, நியூட்ரோபில் ஐந்நூறுக்குக் கீழே இருந்தால், காலை வரை காத்திருக்காமல் ராத்திரியே ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டும். மருந்து வேலை செய்கிறதா என்பதைப் பெட் ஸ்கேன் சொல்லும், அதில் டோவில் என்று ஒன்றிலிருந்து ஐந்து வரை ஒரு மதிப்பெண் போடுவார்கள். மாமாவுக்கு ஆறு சுற்று முடிந்து எடுத்ததில் இரண்டு வந்தது, ஒன்றிலிருந்து மூன்று வரை பொதுவாக நல்ல செய்தி. என் 1.56ஐயும் 5.3ஐயும் அதற்குப் பிறகு யாரும் விசாரிக்கவில்லை.

முடிந்து ஒரு வருடம் கழித்து எடுத்த எல்டிஹெச் கொஞ்சம் ஏறியிருக்கிறது என்று அலறியடித்து ஒரு போன் வந்தது. அப்படித் தனியாக ஏறும் எல்டிஹெச்சுகளில் பெரும்பாலானவை நோய் திரும்பியதால் ஏறியவை கிடையாது. உடைந்த மாதிரி, சளிக் காய்ச்சல், ஈரல் கொழுப்பு என்று ஏதாவது இருக்கும். இரண்டு வாரம் விட்டு, நல்ல லேபில், ஃபிரிட்ஜில் வைக்காமல் திரும்ப எடுக்கச் சொன்னேன், வரம்புக்குள் வந்தது. நெறி மறுபடி தட்டுப்பட்டாலோ ராத்திரி வியர்த்தாலோ எடை இறங்கினாலோ கதை வேறு, அப்போது என்னிடம் வராமல் நேராக டாக்டரிடம் போங்கள்.

டாக்டரைப் பார்க்கப் போகும்போது விகிதங்களை எழுதிக்கொண்டு போய் நீட்டாதீர்கள், நெரிசலில் அவருக்கு அதைப் படிக்க நேரம் இருக்காது. ஒரே தாளில், சிகிச்சைக்கு முந்தைய சிபிசி, எல்டிஹெச்சும் அதன் வரம்பும், ஆல்புமின், ஈஎஸ்ஆர், ஒவ்வொன்றுக்கும் எடுத்த தேதி, அதற்கு முன் ஸ்டீராய்டு போட்டதா இல்லையா, இவ்வளவு எழுதிக் கொடுங்கள். "எங்க ஆளுக்கு ஐபிஐ எவ்வளவு, அதனால மருந்துல ஏதாவது மாறுதா" என்று கேளுங்கள், இது அவர் பதில் சொல்லக்கூடிய கேள்வி. பல நேரம் மாறாது என்பார். ரிடக்ஸிமாப் கொடுக்கப் போகிறார்கள் என்றால் மஞ்சள் காமாலை பி வைரஸ் பரிசோதனை பார்த்தாயிற்றா என்றும் கேட்டுக்கொள்ளுங்கள். அந்த மருந்தில் உறங்கிக் கிடக்கும் வைரஸ் எழுந்துவிடக்கூடும், மேற்பரப்பு ஆன்டிஜென், கோர் ஆன்டிபாடி இரண்டுமே பார்த்திருக்க வேண்டும்.

முதல் ரிப்போர்ட்டைப் போனில் படம் எடுத்து வீட்டில் இன்னும் இரண்டு பேருக்கு அனுப்பிவிடுங்கள். லேமினேஷன் செய்யாதீர்கள், சின்ன லேபுகளில் சில ரிப்போர்ட்டுகள் கடை ரசீது மாதிரி வெப்பத் தாளில் அச்சாகி வருபவை, சூடு பட்டதும் மொத்தமும் கறுத்துப்போகும். அத்தை அதைத்தான் செய்ய இருந்தார், கடையில் கரண்ட் இல்லாததால் தப்பித்தது.